ஆயில் விளக்கு மினுங்கினால் கெட்டி ஆயிலா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

“அண்ணே, ஆயில் தண்ணியாட்டம் ஓடுது. இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியா ஊத்திடுங்க.”

சேலத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பைக், ஸ்கூட்டர், கார் எல்லாம் வரும். இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. எஞ்சினில் எது வந்தாலும் கெட்டி ஆயில்தான் மருந்து என்ற நம்பிக்கை நம் பக்கம் வேரோடிப் போயிருக்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் பல நேரம் சத்தம் அடங்கும், விளக்கும் அணையும். ஆனால் காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை போட்டுச் சூட்டை மட்டும் இறக்கினால் என்ன ஆகுமோ அதுதான் எஞ்சினுக்கும் ஆகிறது. கோளாறு உள்ளேயே இருந்து வளர்கிறது.

அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது பிறகு வரும், கிரேடை மாற்றுவது கடைசியில்தான். அதற்கு முன் டப்பாவில் அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் சரியாகப் படித்துவிடுவோம். அதைத் தப்பாகப் படிப்பதால்தான் பாதித் தொல்லை.

20டபிள்யூ-40 என்ன சொல்கிறது

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாகுநிலை என்று பெயர். நல்ல பெயர். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அடுப்பில் இருக்கும்போது கரண்டியிலிருந்து சரசரவென்று ஒழுகும் பாகு, ஆறினால் இழுபடும், இன்னும் ஆறினால் இறுகும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். சூட்டில் இளகும், குளிரில் இறுகும். இதற்கு விதிவிலக்கான ஆயில் எந்தக் கடையிலும் கிடையாது.

“20டபிள்யூ-40 என்றால் குளிரில் 20 அளவு இளக்கம், சூடானால் 40 அளவு கெட்டியாகிவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் எந்த ஆயிலும் கெட்டியாகாது. அந்த இரண்டு எண்களும் இரண்டு தனித்தனிச் சோதனையின் மதிப்பெண்கள். எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 தரவரிசையிலிருந்து வருகின்றன. இரண்டும் வெப்பநிலை எண்கள் அல்ல. 40 என்றால் 40 டிகிரி வெயிலுக்கு ஏற்றது என்று பொருள் கிடையாது.

பின்னால் வரும் எண், ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்; எண் கூடினால் கெட்டி கூடும். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயை, சூடாக்காமல், அப்படியே கரண்டியில் எடுத்து ஊற்றிப் பாருங்கள். ஓடிச் சூடான எஞ்சினுக்குள் இருக்கும் 50 கிரேடு ஆயில்கூட அந்த நல்லெண்ணெயைவிட இளக்கம்தான். ஆகவே சூடான எஞ்சினிலிருந்து டிரெய்ன் நட்டைக் கழற்றியதும் ஆயில் தண்ணீர் போல இறங்குவதைப் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை. அது அப்படித்தான் இறங்க வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து “சத்து போயிடுச்சு” என்று சொல்வதும் இதே கணக்கு. 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை விரல் கண்டுபிடிக்காது.

முன்னால் இருக்கும் எண்ணும் டபிள்யூவும் குளிர்காலத்துக்கு. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20-ல், 10டபிள்யூ மைனஸ் 25-ல், 5டபிள்யூ மைனஸ் 30-ல், 0டபிள்யூ மைனஸ் 35-ல், எஞ்சினைச் சுற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறது என்று பொருள். ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில்கூட பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. அப்படியானால் நமக்கு இந்த முன் எண் தேவையே இல்லையா? இருக்கிறது. டபிள்யூ எண் குறையக் குறைய, நம் ஊர்க் காலை வெப்பநிலையிலும் ஆயில் பொதுவாக இளக்கமாகவே இருக்கும். 40 டிகிரியில் அளந்தால் சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 60 முதல் 70 சென்டிஸ்டோக் காட்டும். 20டபிள்யூ-50 கிட்டத்தட்ட 150-ஐத் தாண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

சரி, இனி வண்டிக்கு வருவோம்.

அறிகுறி: எஞ்சின் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுங்குகிறது

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எஞ்சினைக் காப்பாற்றுவதும் போக்கடிப்பதும் இங்கேதான்.

முதலில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது, வேகத்திலும் விளக்கு அணையாமல் எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். “வீடு ரெண்டு கிலோமீட்டர்தான்” என்று ஓட்டாதீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில் பேரிங் போய்விடும். கீழே எழுதுவது ஐடிலில் மட்டும் மினுங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிற விளக்குக்கு.

பெரும்பாலான வண்டிகளில் இந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் மிகவும் கீழே, பல கார்களில் சுமார் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைக்கும், இறங்கினால்தான் எரியும். அதாவது இது முன்னெச்சரிக்கை இல்லை. கிட்டத்தட்டக் கடைசி எச்சரிக்கை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, ஆயில் ஸ்டிக்கை எடுங்கள். துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை எடுக்கும்போது குழாயில் ஒட்டியிருந்த ஆயில் மேலெல்லாம் பூசிக்கொண்டு பொய் சொல்லும். சிறிய கார்கள் பலவற்றில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், மேலே எதையும் யோசிக்க வேண்டாம். அதே கிரேடு ஆயிலை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். என் பட்டறைக்கு இந்த அறிகுறியோடு வரும் வண்டிகளில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அளவு சரியாக இருந்தால், கடைசியாக என்ன ஆயில் ஊற்றப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். பில் இருந்தால் பில்லில், இல்லாவிட்டால் ஊற்றியவரிடம் கேட்டு. கையேட்டில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும் பழைய எஞ்சினில், “லேட்டஸ்ட் ஆயில்” என்று யாரோ 0டபிள்யூ-20 ஊற்றியிருந்தால், சூடான ஐடிலில் விளக்கு மினுங்கத்தான் செய்யும். அது ஆயிலின் குற்றம் இல்லை, தேர்வின் குற்றம். கையேட்டில் உள்ளதை ஊற்றினால் சரியாகிவிடும். இந்த அறிகுறிக்குக் கிரேடு மாற்றம் உண்மையிலேயே மருந்தாகும் இடம் இது ஒன்றுதான்.

கிரேடும் சரி என்றால், ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. இன்ஜெக்டர் கசிவோ, பிளக் சரியாக அடிக்காததோ, எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்களோ காரணமாக இருக்கலாம். பெட்ரோல் கலந்த 40 கிரேடு ஆயில் வேலையில் 30-ஐப் போலத்தான் நடந்துகொள்ளும். காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்ற வேண்டும்.

இதுவரை எதுவும் சிக்கவில்லையா? இப்போது அளக்க வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் முள் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிலும் 2000 சுற்றிலும் என்ன காட்டுகிறது என்று பார்த்து, சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். கேஜ் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அழுத்தம் சரியாக இருந்தால் சுவிட்சுதான் கோளாறு. அதன் வயர் செருகும் இடத்தில் ஆயில் கசிந்திருந்தால் சந்தேகமே இல்லை. சுவிட்சை மாற்றினால் போதும்.

கேஜும் அழுத்தம் குறைவு என்று சொன்னால், அடுத்தது சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு. அடியில் குனிந்து பாருங்கள், தட்டு உள்ளே நசுங்கியிருக்கிறதா என்று. உயரமான வேகத்தடையில் இடித்து சம்ப் நசுங்கினால், ஆயில் உறிஞ்சும் வலை அடித்தட்டோடு ஒட்டிப்போகும். பம்ப்புக்கு ஆயில் போகாது. நான் இதை நாலைந்து கார்களில் பார்த்துவிட்டேன். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் நல்லது. தார் போலக் கருங்களி அப்பியிருந்தால் அதே களி கீழே வலையையும் அடைத்திருக்கும். சம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இதெல்லாம் தாண்டியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இங்கேதான் கெட்டி ஆயில் ஆசை காட்டும்.

பேரிங்குக்கும் அதற்குள் சுழலும் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளி. அந்த மெல்லிய இடுக்கில் ஆயில் நுழைந்து, உலோகத்தை உலோகம் தொடாமல் தூக்கிப் பிடிக்கிறது. பேரிங் தேயத் தேய இடுக்கு அகலமாகி, ஆயில் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடுகிறது. அதனால்தான் அழுத்தம் விழுகிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் அது மெதுவாக வழியும். முள் ஏறும், விளக்கு அணையும். ஆனால் அழுத்தம் என்பது ஆயில் போக மறுக்கும் எதிர்ப்பின் அளவு மட்டுமே. அழுத்தம் ஏறியதால் தூரத்திலுள்ள, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் கூடுதலாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் இப்படித்தான் வந்தார். வேறு எங்கோ கெட்டி ஆயில் ஊற்றி விளக்கை அணைத்திருந்தார்கள். மூன்று மாதம் நிம்மதியாக ஓட்டியிருக்கிறார். பிறகு “கடக் கடக்” என்று அடியில் சத்தம். சம்பைக் கழற்றி டார்ச் அடித்தபோது அடியில் தங்கியிருந்த ஆயில் பாதரசம் மாதிரி மின்னியது. அத்தனையும் பேரிங் தூள். விரலில் எடுத்துக் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மினுங்கிய அன்றே பேரிங் மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது கிராங்கையும் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கார் ஓடாத நாளெல்லாம் அவருக்கு வருமானம் இல்லாத நாள். இதை எழுத உட்கார்ந்ததே அவர் முகத்தை நினைத்துத்தான்.

அறிகுறி: பைக்கில் எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

இது எனக்கே நடந்தது. பட்டறை தொடங்கிய புதிதில், ஒரு காருக்கு வாங்கியதில் மீந்த நல்ல விலையுயர்ந்த சிந்தெட்டிக் ஆயிலை என் 150 சிசி பைக்கில் ஊற்றினேன். 5டபிள்யூ-30. ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. மூன்றாவது கியரில் முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் மேலே போகிறது, வண்டி அதே வேகத்தில் ஊர்கிறது. கருகின வாடை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியை இறக்கி நடக்கவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே குளிக்கின்றன. புதிய கார் ஆயில்களில், குறிப்பாக 20, 30 கிரேடுகளில், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காருக்கு அது மைலேஜ். பைக் கிளட்சுக்கு அது வழுக்கல். கோளாறு எண்ணில் இல்லை, அந்த மருந்தில் இருக்கிறது. அதனால் பைக் ஆயில் வாங்கும்போது கிரேடோடு ஜாசோ என்ற ஜப்பானியத் தர முத்திரையையும் பாருங்கள். கியர் வண்டிக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அதற்கு எம்.பி. டப்பாவின் பின்புற வட்ட முத்திரையில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தால் கியர் பைக்கில் ஊற்றாதீர்கள்.

சோதிக்கும் வரிசை இது. முதலில் கிளட்ச் லீவரில் விளையாட்டு, அதாவது கிளட்ச் பிடிபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம், இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் எந்த ஆயிலிலும் வழுக்கும். அது சரியென்றால் ஆயில் டப்பாவைத் தேடுங்கள். தப்பான ஆயில் என்றால் முழுவதும் இறக்கி, ஃபில்டர் மாற்றி, எம்.ஏ.2 ஊற்றி, ஒரு 200, 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும் என்பதால், வழுக்கல் குறைந்தும் முழுக்கப் போகவில்லை என்றால் இன்னொரு தடவை மாற்றுங்கள். அதற்கும் மேல் வழுக்கினால் பிளேட் மெருகேறிக் கண்ணாடி போல ஆகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். என் வண்டிக்கு இரண்டாவது மாற்றத்தில் சரியாயிற்று.

பைக்கில் இன்னொன்றும் உண்டு. 2000 கிலோமீட்டர் வரை வெண்ணெய் போல விழுந்த கியர், பிறகு டக்கென்று முரண்டு பிடிக்கும். கியர்ப் பற்கள் ஆயிலை நசுக்கி அரைக்கின்றன. இரண்டு எண் கொண்ட ஆயில்களில் சூட்டில் ரொம்ப இளகாமல் தாங்கும் நீளமான பாலிமர்கள் இருக்கும். பற்களுக்கு நடுவே அவை துண்டு துண்டாகின்றன. 40 ஆக ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 30-க்கு இறங்கிவிடக்கூடும். இதற்கு மருந்து 50 கிரேடு அல்ல. எம்.ஏ.2 தரத்தில் நல்ல ஆயிலாக வாங்கி, கையேட்டின் கிலோமீட்டரைத் தாண்டாமல் மாற்றுவது.

அறிகுறி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி “டிக் டிக்”, பிறகு அடங்குகிறது

இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிவிடுகிறது. மேலே ஏறும்வரை, வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டோ, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தட்டும். இரண்டு மூன்று நொடிதான் என்றால் விடுங்கள். ஐந்தாறு நொடிக்கு மேல் நீடித்தால் முதலில் ஆயில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான ஃபில்டர்களில் அது விறைத்துப்போய் மூடாது. ஃபில்டரும் நல்லதென்றால், கையேடு கேட்பதைவிடக் கெட்டி ஆயில் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 இருந்தால் சேலத்து மார்கழிக் காலையிலேயே இந்தச் சத்தம் கூடும். கெட்டி ஆயில் சத்தத்தை அடக்கும் என்று ஊற்றியவர்களுக்கு அதுவே சத்தத்தைக் கொண்டுவரும் இடம் இது.

வண்டி ஓடிச் சூடான பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. டேப்பெட் இடைவெளி பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆயில் மாற்றியதிலிருந்து மைலேஜ் இல்லை, இழுவை மந்தம்

முதலில் அளவு. மேல்கோட்டுக்கும் மேலே ஊற்றியிருந்தால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். வண்டி இழுக்காது, சீல் வழியாகக் கசியவும் தொடங்கும். கூடுதலானதை இறக்கிவிடுங்கள். அளவு சரியென்றால் கிரேடைப் பாருங்கள். 0டபிள்யூ-20 போன்ற இளக்கமான ஆயிலுக்காகவே வடிவமைத்த புதிய பெட்ரோல் கார்களில் 20டபிள்யூ-40 ஊற்றினால் அந்த ஆயிலைத் தள்ளிச் சுழற்றவே எஞ்சின் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும்.

இந்தக் கார்களில் சில சமயம் செக் எஞ்சின் விளக்கும் எரியும். ஸ்கேனரில் பி0011 போல கேம் டைமிங் சம்பந்தப்பட்ட பிழைக் குறியீடு வரும். வால்வு நேரத்தை மாற்றும் பொறி ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. அதற்குள் போகும் ஆயில் வழிகள் மெல்லியவை. கெட்டி ஆயிலோ அழுக்கு ஆயிலோ இருந்தால் அது சொன்ன நேரத்துக்கு அசையாது. பொறியை மாற்றச் சொல்வதற்கு முன் சரியான கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, அந்தக் குறியீட்டை அழித்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

“வெயில் காலத்துக்கு மட்டும் கெட்டி ஆயில் போடலாமா?”

இது அறிகுறி இல்லை, ஆனால் சித்திரை பிறந்தால் எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி தண்ணீரால் குளிர்வதா, காற்றால் குளிர்வதா என்பதில் இருக்கிறது பதில்.

காரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே 25 டிகிரி என்றாலும் 41 டிகிரி என்றாலும் கூலன்ட் பெரும்பாலும் 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடும். ஆயிலும் அதைச் சார்ந்தே இருக்கும். ஆகவே கையேட்டில் ஒரே கிரேடு போட்டிருந்தால் வெயிலுக்காக மாற்றத் தேவையில்லை. டாஷ்போர்டில் உள்ள முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டைத்தான், ஆயிலின் சூட்டை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். முழுச் சுமையோடு மலை ஏறினால் முள் நடுவிலேயே நிற்கும், ஆயில் மட்டும் தனியாகச் சூடேறும். கையேட்டில் வெப்பநிலைக் கோட்டுப்படம் போட்டு இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்திருந்தால், இப்படி ஓட்டுகிறவர்கள் அதில் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பது நியாயம்.

காற்றால் குளிரும் பைக்கில் கதை வேறு. நெரிசலில் ஊர்ந்தால் காற்றே கிடையாது, ஆயில்தான் சூட்டைச் சுமக்கிறது. அப்படியும் தயாரிப்பாளர் அதை எண்ணித்தான் கிரேடு கொடுத்திருப்பார். ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50, ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. இரண்டும் முக்கியமாகக் காற்றால் குளிர்பவைதான், இரண்டும் இதே வெயிலில்தான் ஓடுகின்றன. பேரிங்கின் வகை, இடைவெளி, பம்ப்பின் அளவு, எஞ்சின் தாங்கும் சுமை எல்லாம் வேறு வேறு என்பதால் ஆயிலும் வேறு. “என்ஃபீல்டுக்கே 50 போடறாங்க” என்று ஸ்ப்ளெண்டரில் 50 ஊற்றுவது, அண்ணன் செருப்பைத் தம்பிக்கு மாட்டுவது போலத்தான்.

அறிகுறி: ஆயில் குறைந்துகொண்டே போகிறது

நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். சொட்டு விழுந்தால் கசிவு, இடத்தைக் கண்டுபிடித்து சீலோ கேஸ்கெட்டோ மாற்றுங்கள். சொட்டு இல்லை என்றால் புகையைப் பாருங்கள். நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். எவ்வளவு குறைகிறது என்பதையும் அளவுக் குவளையால் அளந்து எழுதுங்கள். 1000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ரொம்ப வயதான வண்டி, எஞ்சின் பிரிக்க இப்போது வசதி இல்லை என்றால், கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான ஆயில் குறைவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். 30-லிருந்து 40, அவ்வளவுதான். இதைச் செய்வதில் தப்பில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கத்தை விடக்கூடாது.

அறிகுறி: ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறது

இதைக் கண்டு மகிழாதீர்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும். ஊருக்குள்ளேயே ஓட்டி, எரியும் வேலையைப் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அளவு கூடும், ஆயில் இளகும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள், அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நிதானமான வேகத்தில் ஓட்டுங்கள். இந்த வண்டிகளுக்குக் கிரேடு எண் மட்டும் போதாது. சாம்பல் குறைவான, கையேட்டில் குறிப்பிட்ட தர எண் உள்ள ஆயிலாக இருக்க வேண்டும்.

அளவு ஏறியதோடு ஆயில் காப்பி நிறத்தில் கலங்கி, கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள்.

மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போலப் பூத்திருந்து, ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக, கூலன்ட் குறையாமல் இருந்தால் பயமில்லை. குளிரும் ஈரமும் உள்ள ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் இது சகஜம். எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் உள்ளே வியர்த்த நீர் ஆவியாகவில்லை. துடைத்துவிட்டு, ஒரு நாள் நீளமாக ஓட்டுங்கள்.

நடுவழியில் ஆயில் குறைந்து, அதே கிரேடு கிடைக்கவில்லை என்றால்

கீழ்க்கோட்டுக்குக் கீழே ஓட்டுவதைவிட வேறு கிரேடு கலப்பது எவ்வளவோ மேல். 10டபிள்யூ-30 உள்ள வண்டியில் அரை லிட்டர் 20டபிள்யூ-40 ஊற்றி ஊர் வந்து சேருங்கள். எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், திரியாது. கியர் பைக் என்றால் ஜாசோ எம்.ஏ. முத்திரை உள்ளதாக மட்டும் வாங்குங்கள். ஊர் வந்ததும் முழுதாக இறக்கி, கையேட்டில் உள்ளதை ஊற்றி, தேதி, கிலோமீட்டர், கிரேடு மூன்றையும் ஒரு தாளில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பைக் என்றால் சீட்டுக்கு அடியில். அடுத்து உங்கள் வண்டியைத் திறக்கும் மெக்கானிக் முதலில் தேடுவது அதைத்தான்.